மாதாமாதம் வந்த ஜுரம்

போன வாரம் வைத்தீஸ்வரனை மட்டாஞ்சேரி வீட்டு வாசலில், கையில் குடையோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். மிளகுக் கம்பெனிக்கு லீவு சொல்லியாகிவிட்டது. எர்ணாகுளத்துக்குப் போகிற படகு, அந்த ஊர்ப் பேச்சில் 'போட்டு', வரும் நேரமும் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து பெண்ணும் வரவில்லை, பெண்டாட்டியும் வரவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஒரே பெண் ஸ்வர்ணலதா எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஹாஸ்டலில் இருந்து படித்தவரைக்கும் தொல்லை இல்லை. கடைசியில் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி என்று வந்தது. வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று மட்டாஞ்சேரிக்கு வந்தாள். வந்தவுடனே அம்மா சீதாலக்ஷ்மியின் சட்டம் அமலுக்கு வந்தது. மாதத்தில் மூன்று நாள் தூரம், அதாவது வீட்டுவிலக்கு. அந்த மூன்று நாளும் கொல்லை அறை. பாய் தனி, தட்டு தனி. வாசற்படி தாண்டக் கூடாது.

தொழிற்சாலைக்கு லீவுக் கடிதம் எழுதுவது அப்பா.

"என்னன்னு எழுதறது சீதே?" என்று முதல் மாதம் கேட்டார்.

"ஜுரம்னு எழுதுங்கோ. பின்னே, உள்ளதையா எழுதுவா?"

அதையே மாதாமாதம் எழுதினார். முடிவில் வருகை குறைந்துபோச்சு. பயிற்சி பூர்த்தியாகவில்லை, பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று காலேஜ் கையை விரித்துவிட்டது. ஹைக்கோர்ட்டில் மனுப் போட்டார்கள். மனுவோடு கொடுக்கிற பிரமாணத்தில் ஜுரம் என்று போட மாட்டேன் என்று ஸ்வர்ணம் ஒற்றைக் காலில் நின்றாள். 'தவிர்க்க முடியாத காரணம்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். கடிதத்தில் ஒன்று, பிரமாணத்தில் ஒன்று. ஜட்ஜ் கண்ணில் படாமல் இருக்குமா? 'அந்தப் பெண்ணே நேரில் வந்து சொல்லட்டும்' என்று உத்தரவாகிவிட்டது.

அந்த நாள் இன்றைக்கு. பரீட்சை அடுத்த மாதம்.

இப்போது உள்ளே போவோம்.

"என்னடி சிலையாட்டம் நிக்கறே? அப்பா வாசல்ல காத்துண்டிருக்கார்."

"அம்மா… நான் தூரம்."

சீதாலக்ஷ்மியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"இன்னிக்கேவா?"

"நானா நாள் பாத்தேன்?"

"சரி. கொல்லை அறைக்குப் போ."

"கோர்ட்டு?"

"அப்பா போய்ச் சொல்லிட்டு வருவார்."

"என்னன்னு சொல்லுவார்?"

சீதாலக்ஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள். வாசலிலிருந்து வைத்தீஸ்வரனின் குரல்தான் வந்தது.

"ஜுரம்னு சொல்லட்டுமா?"

"நீங்க செத்தே சும்மா இருங்கோ!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஸ்வர்ணம் முன்கட்டுக்கு நடந்தாள். அம்மா நாலடி தள்ளியே கூட வந்தாள். தொட முடியாது, தடுக்கவும் முடியாது.

"ஸ்வர்ணம், நில்லு. நீ இன்ஜினீயரிங் படிக்கப் போறேன்னு சொன்னப்போ கல்பாத்திலேருந்து உன் மாமா வந்து என்ன ஆட்டம் ஆடினான், ஓர்மை இருக்கா? 'ஆம்பளைப் பசங்களோட ஸ்பானர் பிடிச்சுண்டு நிக்கற பொண்ணு ஆசாரம் வச்சுப்பாளா'ன்னு கேட்டான். 'வச்சுப்பா, நான் உத்தரவாதம்'னு பகவதி சந்நிதியில வச்சு சத்தியம் பண்ணினேன். அதனாலதான் நீ படிச்சே. உங்கப்பாவாலயா படிச்சே?"

"நீ உத்தரவாதம் குடுத்தது மாமாவுக்கு. நான் இன்னிக்கு பதில் சொல்ல வேண்டியது கோர்ட்டுக்கு. நான் வரலேன்னா மனுவைத் தள்ளிடுவா அம்மா. ஒரு வருஷம் போயிடும். அடுத்த வருஷம் மட்டும் எனக்கு தூரம் வராதா? பரீட்சையே எழுதாத இன்ஜினீயரை வச்சுண்டு நீ என்ன பண்ணுவே?"

"நீ படி இறங்கினா, நானும் இறங்கறேன்."

"எங்கே?"

"கல்பாத்திக்கு! எங்கண்ணா ஆத்துக்கு!"

ஸ்வர்ணம் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு படி இறங்கினாள்.

சீதாலக்ஷ்மி வாயால் மட்டும் சொல்லுகிறவள் இல்லை. உள்ளே தடதடவென்று ட்ரங்குப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"சீதே, போட்டுக்கு நேரமாச்சு…"

"எனக்குந்தான் நேரமாச்சு! பிடியுங்கோ இதை."

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பஜார் தெரு அந்த ஊர்வலத்தைப் பார்த்தது. முன்னால் பெண், பத்தடி தள்ளி அம்மா. நடுவில் வைத்தீஸ்வரன், ஒரு கையில் குடை, மறு கையில் பெட்டி. சுக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவர், "எங்கோட்டா சாமி, குடும்பத்தோட?" என்று கேட்டும் வைத்தார்.

"கோர்ட்டுக்கு" என்றார் வைத்தீஸ்வரன்.

"கல்பாத்திக்கு" என்றாள் சீதாலக்ஷ்மி.

"உலகத்துலயே ஆத்தை விட்டுப் போற பெண்டாட்டியோட பெட்டியைத் தானே சுமக்கற மனுஷன் நான் ஒருத்தன்தான்" என்று முணுமுணுத்தார் அவர்.

"கனமா இருக்கோ? இன்னும் ரெண்டு புடவை வச்சிருக்கணும்."

போட்டில் சீதாலக்ஷ்மி முன்கோடியில் உட்கார்ந்தாள். ஸ்வர்ணம் பின்கோடிக்குப் போனாள். வைத்தீஸ்வரன் நடுவே, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. காயலில் கப்பல் ஒன்று ஊதியது. காற்று அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் முன்கோடியிலிருந்து குரல் வந்தது.

"கேளுங்கோ அவகிட்ட. ஏதாவது சாப்பிட்டாளான்னு."

"சாப்பிட்டியான்னு கேக்கறா."

"பசிக்கலேன்னு சொல்லுங்கோ."

"பசிக்கலையாம்."

"பசிக்காம எப்படி இருக்கும்? வெறும் வயத்தோட ஜட்ஜ் முன்னால நின்னா தலை சுத்தாதா? பெட்டியில மேலாப்பல இட்லிப் பொட்டலம் இருக்கு. அவ பக்கத்துல வச்சுட்டு வாங்கோ. தொடாம வையுங்கோ."

கல்பாத்திக்குப் போகிறவள் பெண்ணுக்கு இட்லி கட்டி எடுத்து வந்திருக்கிறாள்! வைத்தீஸ்வரன் பொட்டலத்தைப் பலகையில் வைத்துவிட்டு வந்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இட்லியையும் பிடுங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

எர்ணாகுளம் படகுத்துறையில் போட்டு அணைந்தபோது அலை தூக்கிப் போட்டது. ஒரு காலைப் படிமேல் வைத்த சீதாலக்ஷ்மி தடுமாறினாள். எங்கிருந்து வந்தாளோ, ஸ்வர்ணம் ஒரே தாவலில் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். நீட்டின கை பாதியில் நின்றது. பின்னால் போயிற்று.

போட்டுக்காரன்தான் பிடித்துக் கரையேற்றினான். "சூக்ஷிச்சு மாமி, சூக்ஷிச்சு!"

பின்னால் போன அந்தக் கையைச் சீதாலக்ஷ்மி பார்த்தாள்.

"எனக்கு வண்டி சாயங்காலந்தான். நான் இங்கேயே உக்காந்துக்கறேன். நீங்க போங்கோ" என்று பெட்டியைக் கரையில் வைக்கச் சொல்லி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் மீனாக்ஷி கறுப்பு கவுனைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தாள். ஸ்வர்ணத்தைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். முதல் பெரிய கேஸ் இது.

"வந்துட்டியா! வராம இருந்துடுவியோன்னு என் உயிரே போயிடுத்து. சரி, சொல்லு. ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லப் போறே?"

"உள்ளதை."

"அதுலதான் சிக்கல். உடம்பு சரியில்லாம லீவு போட்டா மன்னிக்கலாம்னு காலேஜ் விதியில இருக்கு. இது வியாதி இல்லையே? உள்ளதைச் சொன்னா மன்னிக்க இடம் இல்லைன்னுடுவா."

"ஜுரம்னு சொன்னா?"

"டாக்டர் சீட்டு எங்கேன்னு கேப்பா. பொய்ப் பிரமாணம்னு ஆயிடும். ஹால் டிக்கெட் மட்டும் இல்லை, டிகிரியே கிடைக்காது."

வைத்தீஸ்வரன் குறுக்கே வந்தார். "அப்போ ரெண்டு பக்கமும் குழியாம்மா?"

"ஆமாம் மாமா. எந்தக் குழியில ஏறி வரதுக்குப் படி இருக்குன்னுதான் பாக்கணும். வாங்கோ, கூப்பிட்டாச்சு!"

கோர்ட்டில் நிறையக் கறுப்புக் கோட்டுகள். ஒரு இன்ஜினீயரிங் பெண்ணைப் பார்க்கவென்றே சிலர் வந்திருந்தார்கள். காலேஜ் வக்கீல் எழுந்தார். நரைத்த மீசை, நல்ல கம்பீரம். அவர் பின்னால் தொழிற்சாலையின் பயிற்சி அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"மை லார்ட், இது மாதம் தவறாமல் வரும் ஜுரம். வந்து மூன்றாம் நாள் தானே போய்விடும் ஜுரம். மருந்து வேண்டாம், டாக்டர் வேண்டாம். வைத்திய உலகத்துக்கே புதிது!"

கோர்ட்டு சிரித்தது. சிலர் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள்; அவர்கள் வீட்டிலும் பெண்கள் உண்டே. ஜட்ஜ் சிரிக்கவில்லை. ஸ்வர்ணத்தைப் பார்த்தார்.

"குட்டி பறயூ. பேடிக்கண்டா" என்றார் மலையாளத்தில். பயப்படாமல் சொல்லச் சொன்னார்.

ஸ்வர்ணம் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஜுரம் இல்லை, மை லார்ட். எனக்கு ஒரு நாளும் ஜுரம் வந்ததில்லை. எங்க ஆத்துல மாசத்துல மூணு நாள் பொண்ணுகள் வெளியில இறங்கக் கூடாது. அந்த நாள்கள்தான் எல்லாம். அதைக் கடிதத்துல எழுத எங்களுக்கு வெக்கமா இருந்தது. அதனால ஜுரம்னு எழுதினோம்."

ஒருத்தர் இருமினார். வைத்தீஸ்வரன் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலேஜ் வக்கீல் கொஞ்சம் தடுமாறினார். ஆனால் பழக்கப்பட்ட வக்கீல், உடனே சமாளித்துக்கொண்டார். இந்தத் தடவை கேலி இல்லை.

"மனுதாரர் உண்மையைச் சொன்னதை மதிக்கிறேன், மை லார்ட். ஆனால் அப்படியானால் வியாதியே இல்லை. விதிப்படி மன்னிக்க வழி இல்லை. வீட்டுப் பழக்கத்துக்குக் காலேஜ் பொறுப்பாகுமா? நாளைக்கு இவர் ஒரு சப்-ஸ்டேஷனில் இன்ஜினீயராக இருப்பார். அங்கே தீப் பிடித்தால், 'இன்றைக்கு நான் வெளியே வர முடியாது' என்று சொன்னால் மின்சாரம் மூன்று நாள் காத்திருக்குமா?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று ஸ்வர்ணத்துக்கே பட்டது. அதுதான் அவளை உலுக்கியது. தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிய தன் கை, கொல்லை அறையில் சும்மா கிடந்த நாள்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

மீனாக்ஷி எழுந்தாள். முதலில் குரல் நடுங்கியது. பிறகு நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

"மை லார்ட், அந்த விதியை எழுதினவர்கள் பையன்களை மனசில் வைத்து எழுதினார்கள். பிறகு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். விதியைத் தொடவே இல்லை. இவளுக்கு வீட்டில் ஒரு சட்டம், காலேஜில் ஒரு சட்டம். இரண்டுக்கும் அடங்கித்தான் இருந்தாள். நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. விட்டுப்போன நாள்களைத் திருப்பி வேலை செய்து கொடுக்க ஒரு வழி கேட்கிறோம். அவ்வளவுதான்."

வைத்தீஸ்வரன் நிமிர்ந்தார். ஆஹா, படி இருக்கிறது குழியில்!

ஜட்ஜ் பயிற்சி அதிகாரியைப் பார்த்தார். "பரீட்சைக்குள் முடியுமா?"

அவர் எழுந்து விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "முடியும், மை லார்ட். நாளையிலிருந்து விடாமல் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட. ஒரு நாள் தவறினாலும் முடியாது. வேலை தெரிந்த பெண், அதில் குறை இல்லை."

"விடாமல் என்றால்…" ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "நடுவில் அந்த நாள்கள் வருமே. அப்போது என்ன செய்வாய்?"

மீனாக்ஷி திரும்பிப் பார்த்தாள்.

ஸ்வர்ணம் சொன்னாள்: "அந்த நாள் இன்னிக்குத்தான், மை லார்ட். வந்து நிக்கறேனே."

ஜட்ஜ் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

எழுதினதன் சாரம் இதுதான். நாளை காலையிலிருந்து தொழிற்சாலை அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும். காலேஜ் தற்காலிகமாக ஹால் டிக்கெட் கொடுக்க வேண்டும். ஒரு நாள் அவள் வராவிட்டாலும் உத்தரவு செல்லாது.

மீனாக்ஷி ஸ்வர்ணத்தின் தோளை உலுக்கினாள். காலேஜ் வக்கீல்கூட மீசைக்குள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வைத்தீஸ்வரன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஒன்று பாக்கி இருக்கிறது" என்றார் ஜட்ஜ். "ஜுரம் என்று மாதாமாதம் எழுதிக் கொடுத்தவர் யாரோ, அவர் திங்கட்கிழமை இங்கே வந்து காரணம் சொல்லட்டும்."

வைத்தீஸ்வரனின் குடை படாரென்று கீழே விழுந்தது.

படகுத்துறையில் சீதாலக்ஷ்மி அதே பெட்டிமேல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. இவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

"கேளுங்கோ அவகிட்ட. என்னாச்சுன்னு."

வைத்தீஸ்வரன் பேசுகிற நிலையில் இல்லை. சீதாலக்ஷ்மி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பெண் பக்கம் திரும்பினாள்.

"நீயே சொல்லேண்டி!"

"நாளைக்குக் கார்த்தால களமசேரிக்குப் போகணும் அம்மா. நாளன்னிக்கும். தினமும். ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு."

"சபையில சொன்னியா? உள்ளதை?"

"சொன்னேன்."

"அத்தனை ஆம்பளை முன்னாலயும்?"

"ஆமாம்."

"அந்த ஜட்ஜ் என்ன பண்ணினான்?"

"எழுதிண்டார்."

"எழுதிண்டானா!" சீதாலக்ஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகுதான் புருஷன் முகம் கண்ணில் பட்டது. "இவர் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கார்?"

"திங்கக்கிழமை அப்பா வந்து சொல்லணுமாம். ஜுரம்னு ஏன் எழுதினார்னு."

"என்ன சொல்லப் போறேள்?"

"எனக்கா தோணித்து, எழுதினேன்னு சொல்லிடறேன் சீதே. உன் பேரை இழுக்க மாட்டேன்."

"ஏன், அதுவும் பொய்யா? இதுவரைக்கும் எழுதின பொய் போறாதோ?"

"மட்டாஞ்சேரி! மட்டாஞ்சேரி! கேறிக்கோ!" என்று போட்டுக்காரன் கூவினான்.

சீதாலக்ஷ்மி பெட்டியைக் காலால் தள்ளினாள். "தூக்குங்கோ."

"உன் வண்டி?"

"எந்தக் கோர்ட்டு, எந்த மாடி, எத்தனை மணி ஒண்ணும் தெரியாம நீங்க திங்கக்கிழமை போய் நிக்கப் போறேள். ஜுரம்னு சொன்ன வாய் என்னுது. நான் வரவேண்டாமா?"

வைத்தீஸ்வரன் இதுவரை எந்தப் பெட்டியையும் அவ்வளவு சந்தோஷமாகத் தூக்கினதில்லை.

ஸ்வர்ணம் முதலில் ஏறிக்கொண்டாள். அலை இன்னும் அடங்கவில்லை. படிக்கும் போட்டுக்கும் நடுவே தண்ணீர் திறந்து திறந்து மூடியது. சீதாலக்ஷ்மி விளிம்பில் நின்றாள். போட்டுக்காரன் கை நீட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்தாள். ஸ்வர்ணம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடீ வேடிக்கை பாக்கறே? கையைக் குடு."

"அம்மா, நான்…"

"எனக்குத் தெரியும். ஆத்துக்குப் போய்க் குளிச்சுக்கறேன். குடு."

கை வந்தது. சீதாலக்ஷ்மி இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இந்தத் தடவை முன்கோடிக்கும் போகவில்லை, பின்கோடிக்கும் போகவில்லை. பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். போட்டு கிளம்பியது.

பாதிக் காயல் வந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்வர்ணம், நீங்க கோர்ட்டுக்குப் போன கையோட நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன?"

"பக்கத்துத் தபாலாபீஸுக்குப் போய் உன் மாமாவுக்குத் தந்தி அடிச்சுட்டேன். 'பெண் சொல் கேட்கவில்லை, உடனே வா'ன்னு. நான் அங்கே போறதைவிட அவன் இங்கே வரட்டும்னு கோபத்துல அடிச்சுட்டேண்டி. ராத்திரி வண்டியைப் பிடிச்சிருப்பான். விடிஞ்சா நம்ம வாசல்ல வந்து நிப்பான்."

வைத்தீஸ்வரன் பெட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும்… கொல்லைக் கதவு வழியா போயிடேன். அவன் கண்ணுல படாம."

தூரத்தில் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

"வாசல் வழியாத்தான் போவேன், அம்மா."

சீதாலக்ஷ்மி பிடித்த கையை விடவில்லை.